ஊர் அளவில் அமைதிக் குழு: யாரைச் சேர்ப்பது, எதில் தொடங்குவது, எங்கே உடைகிறது?

மதகு:
இரண்டு சமூகங்கள் வாழும் ஒரு சிறு நகரம் என்று வைத்துக்கொள்வோம். மோதல் ஓய்ந்துவிட்டது, பகை ஓயவில்லை. சந்தை தனித்தனி, பள்ளி தனித்தனி. மேல்மட்டப் பேச்சு இழுபறியில் கிடக்கிறது. இந்த நிலையில் உள்ளூர் அமைதிக் குழு ஒன்றை அமைப்பதென்றால், எத்தனை பேர், யார் யார், தலைவர் யார்? முதலில் உட்கார்ந்து பேச வைப்பதா, பொது வேலை ஒன்றில் இறக்குவதா? கடும்போக்காளர்களை உள்ளே விடலாமா? கொள்கை விளக்கம் வேண்டாம், நடைமுறையைச் சொல்லுங்கள்.

நடுவன்:
ஆள் தேர்விலேயே பாதிக் குழுக்கள் தோற்றுவிடுகின்றன. நல்லவர்கள், மிதவாதிகள், இரண்டு மொழியும் பேசுபவர்கள் என்று பொறுக்கி எடுப்பார்கள். கூட்டம் இனிமையாக நடக்கும். ஆனால் தெருவில் கல் எடுப்பவன் அவர்களில் ஒருவர் சொல்லையும் கேட்க மாட்டான். அமைதி ஆய்வாளர் ஜான் பால் லெடராக் சமூகத்தை மூன்று அடுக்காகப் பிரித்தார். மேலே தலைவர்கள், கீழே ஊர்மக்கள், நடுவில் மேலும் கீழும் தொடர்புள்ளவர்கள். தலைமையாசிரியர், சங்கச் செயலாளர், கோயில் அல்லது பள்ளிவாசல் நிர்வாகி, வணிகர் சங்கத்துக்காரர், சந்தைப் பெண்களின் பிரதிநிதி ஆகியோர் இந்த நடு அடுக்கு. உங்களுக்கு வேண்டியவர்கள் இவர்கள்தான். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "இரவு பதினொரு மணிக்கு இவர் போன் செய்தால் யார் எடுப்பார்கள்?"

வரிசை இப்படி இருக்கட்டும். முதல் நான்கைந்து வாரம் கூட்டமே வேண்டாம். வீடு வீடாக, கடை கடையாகப் போய்த் தனித்தனியாகக் கேளுங்கள். போன மோதல் எங்கே தொடங்கியது, எந்த இடம் தாண்டியதும் பரவியது, யார் நிறுத்தினார்கள், யார் ஊதிவிட்டார்கள். இதை ஒரு தாளில் வரைபடமாகப் போட்டாலே பாதி உறுப்பினர்களின் பெயர் தானாக வந்துவிடும். அடுத்து, ஒவ்வொரு பக்கத்துடனும் தனியாக இரண்டு மூன்று கூட்டம். அதன் பிறகுதான் கூட்டுக்கூட்டம். இந்தப் படியைத் தாண்டிக் குதித்தால் முதல் கூட்டத்திலேயே பழைய கணக்கெல்லாம் மேசைக்கு வரும். இரு பக்கமும் தன் ஆட்கள் முன்னால் விறைத்துக்கொண்டு பேசும்.

எண்ணிக்கை 12 முதல் 18 வரை. அதற்கு மேல் போனால் அது பொதுக்கூட்டம். ஒரே தலைவர் வேண்டாம். பக்கத்துக்கு ஒருவராக இரண்டு இணைத்தலைவர்கள், கூட்டத்துக்கு ஒருவர் முறைமாற்றி நடத்தட்டும். கடும்போக்காளரை உறுப்பினராக்க முடியாவிட்டாலும், அவரோடு பேசக்கூடிய ஒருவர் உள்ளே இருந்தே ஆக வேண்டும். குழு எதைச் செய்யாது என்பதையும் ஒரு பக்கத் தாளில் முதலிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: குற்றவாளி யார் என்று தீர்ப்புச் சொல்லாது, நட்ட ஈடு பேசாது, போலீசுக்குத் துப்புக் கொடுக்காது.

தென்னாப்பிரிக்காவில் 1991 செப்டம்பரில் தேசிய அமைதி உடன்படிக்கை கையெழுத்தானபின் 260க்கும் மேல் உள்ளூர் குழுக்கள் உருவாயின. கட்சிகள், போலீஸ், தொழிற்சங்கம், வணிகர், தேவாலயம் எல்லோரும் ஒரே மேசையில். போலீஸ் வெளியே நின்று பார்க்கவில்லை, உள்ளே உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது என்பதுதான் அதன் பலம். கட்சித் தலைமை மனம் வைக்காத இடங்களில், குறிப்பாக குவாசூலு-நேட்டாலில், குழு இருந்தும் கொலைகள் நிற்கவில்லை. மேலே விருப்பமில்லாத இடத்தில் கீழே இருக்கும் குழுவால் சேதத்தைக் குறைக்க முடியும், போரை நிறுத்த முடியாது. இந்த எல்லையை உறுப்பினர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கரிசல்:
நடுவன் சொன்ன ஆள் தேர்வு சரி. ஆனால் "கூட்டிவைத்துப் பேசினால் மனம் மாறும்" என்ற நம்பிக்கை இந்தத் துறையில் வேரோடிக் கிடக்கிறது, அதைக் கொஞ்சம் சோதித்துப் பார்க்க வேண்டும். இரு தரப்பு பழகினால் பகை குறைய வேண்டுமென்றால் என்று உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இலேயே நான்கு நிபந்தனை போட்டார்: சம அந்தஸ்து, பொது இலக்கு, சேர்ந்து உழைப்பது, அதிகாரத்தில் இருப்பவர்களின் ஆதரவு. பெரும்பாலான 'நல்லிணக்க முகாம்'களில் இவற்றில் ஒன்றுகூட இருக்காது. ஒரு தரப்பு பஸ்ஸில் வரும், மறு தரப்பு சோதனைச் சாவடியில் இறங்கி நின்று, அடையாள அட்டை காட்டி, பிறகு வரும். அப்புறம் என்ன சம அந்தஸ்து?

ஈராக்கில் சல்மா மூசா செய்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. ஐ.எஸ். அமைப்பால் இடம்பெயர்ந்த கிறிஸ்தவர்களின் அமெச்சூர் கால்பந்து அணிகள். சில அணிகளுக்குக் கூடுதலாக மூன்று முஸ்லிம் வீரர்கள், மற்ற அணிகளுக்குக் கூடுதலாக மூன்று கிறிஸ்தவ வீரர்கள். எந்த அணிக்கு யார் என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. கலப்பு அணியில் ஆடியவர்கள் அடுத்த பருவத்திலும் கலப்பு அணிக்குப் பெயர் கொடுத்தார்கள், விளையாட்டுப் பண்புக்கான விருதுக்கு முஸ்லிம் வீரர்களுக்கு வாக்களித்தார்கள், சேர்ந்து பயிற்சி செய்தார்கள். மைதானத்துக்கு வெளியே, அறிமுகமில்லாத முஸ்லிம்களோடு பழகுவதில் பெரிய மாற்றம் இல்லை. மொசூலில் உள்ள உணவகத்துக்குப் போவதும் அதிகரிக்கவில்லை.

ருவாண்டாவில் ஒரு வானொலி நாடகத்தை வைத்து எலிசபெத் பலக் செய்த ஆய்வும் இதற்கு ஒத்ததுதான். கேட்டவர்களின் சொந்த நம்பிக்கை அதிகம் அசையவில்லை, "இங்கே எப்படி நடந்துகொள்வது முறை" என்ற எண்ணம் மாறியது, நடத்தையும் மாறியது. ஆக, இதயத்தைக் குறிவைக்காதீர்கள், நடத்தையைக் குறிவையுங்கள். எதை எல்லோரும் பார்க்கும்படி செய்கிறோம் என்பதுதான் கணக்கு.

புதுவெள்ளம்:
அப்படியென்றால் கலந்து பழக வைப்பதில் பயனே இல்லை என்கிறீர்களா?

கரிசல்:
இல்லை. பழக்கம் அந்த இடத்தோடு ஒட்டிக்கொள்கிறது என்கிறேன். கால்பந்தில் பழகினால் கால்பந்தில் பழகுவார்கள். எந்த இடத்தில் மோதல் வெடிக்கிறதோ, அந்த இடத்திலேயே தொடர்பை உண்டாக்குங்கள். சந்தையில் வெடித்தால் சந்தையில். கென்யாவின் வஜீரில் 1990களின் தொடக்கத்தில் பெண்கள் செய்தது அதைத்தான். எல்லாக் குலத்துப் பெண்களும் சந்தைக்கு வரவும் விற்கவும் வாங்கவும் முடிகிறதா என்று கண்காணிக்க ஒரு குழு. பெரியவர்களும் இளைஞர்களும் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தார்கள்.

வாய்க்கால்:
பொது வேலையிலிருந்து தொடங்குவதற்கு நிக்கோசியாவைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. 1974இல் சைப்பிரஸ் கிரேக்கத் தெற்கு, துருக்கிய வடக்கு என்று பிளந்தபோது தலைநகரான நிக்கோசியாவின் கழிவுநீர்த் திட்டம் பாதியில் நின்றது. குழாய் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், சுத்திகரிப்பு நிலையம் வடக்கே. கழிவுநீருக்குக் கோடு தெரியாது. இரு பகுதி மேயர்களான லெலோஸ் டெமெட்ரியாடஸும் முஸ்தபா அக்கிஞ்சியும் 1970களின் கடைசியில் அதை முடிக்க ஒப்புக்கொண்டார்கள். கூட்டு நகர்த்திட்டமும் அதிலிருந்துதான் வளர்ந்தது. தெற்கின் கழிவுநீர் வடக்குக்குப் போனது, நகரம் பிளந்தே இருந்தபோதும்.

ஏன் நடந்தது? நகராட்சி மட்டத்தில், பொறியாளர் மட்டத்தில் வைத்துக்கொண்டார்கள். எந்தப் பக்கமும் மறு பக்கத்தை அரசாக அங்கீகரிக்க வேண்டிய கையெழுத்து எதுவும் தேவைப்படவில்லை.

இலங்கையில் சுனாமிக்குப் பிந்தைய கூட்டுப் பொறிமுறைக்கு நேர்ந்தது இதற்கு நேரெதிர். 2005 ஜூன் 24இல் அரசும் புலிகளும் கையெழுத்திட்டார்கள். நோக்கம் நிவாரணப் பங்கீடு. ஆனால் பணம் எந்த நிதியத்தில் இருக்கும், குழுவின் அலுவலகம் எங்கே இருக்கும் என்ற கேள்விகள் உடனே இறைமைக் கேள்வியாகிவிட்டன. கையெழுத்துக்குச் சில நாள் முன்பே ஜே.வி.பி. கட்சி ஆளும் கூட்டணியிலிருந்து வெளியேறியிருந்தது, ஜூலை 15இல் உச்ச நீதிமன்றம் முக்கியப் பகுதிகளுக்கு இடைக்காலத் தடை போட்டது. கடற்கரையில் வீடிழந்தவனுக்கு நிதியத்தின் பெயர் முக்கியமில்லை. தலைநகரில் அதுதான் முக்கியம்.

ஊர் மட்டத்தில் பொது வேலை எடுக்கும்போது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டியவை சில. பொருள் வைக்கும் கிடங்கு யார் தெருவில்? லாரி வாடகை யாருக்கு? கூலி ஆட்களை எடுப்பவர் யார்? பெயர்ப்பலகையில் எந்த மொழி மேலே? கூட்டம் நடக்கும் கட்டடம் யாருடைய நினைவில் என்னவாக இருக்கிறது? போன மோதலில் முகாமாக இருந்த பள்ளியில் அமைதிக் கூட்டம் போட்டால் பாதிப் பேர் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். உதவி தன்னளவில் நடுநிலையானதல்ல, அது ஏற்கெனவே உள்ள பிளவில் போய் விழுகிறது என்பதை மேரி ஆண்டர்சன் 1990களிலேயே விரிவாக எழுதிவிட்டார். எது பிரிக்கிறது, எது இணைக்கிறது என்று இரண்டு பட்டியல் போட்டு, ஒவ்வொரு செலவையும் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சிமென்ட் வாங்கும் கடை முதற்கொண்டு.

நடுவன்:
கரிசல், வாய்க்கால் இருவரும் சொல்வது நீண்ட ஓட்டத்துக்குச் சரி. ஆனால் முதல் மூன்று மாதத்தில் ஒரு குழு தன் மதிப்பைக் காட்டுவது வதந்தியை அடக்குவதில்தான். அதைச் செய்ய முடியாத குழுவை ஊர் மறந்துவிடும்.

வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்று சுவர்களால் பிரிந்த பகுதிகளில் இரு பக்கச் சமூகப் பணியாளர்களிடமும் செல்பேசி கொடுத்து ஒரு வலை வைத்திருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பையன்கள் கூடினால், இந்தப் பக்கம் இருப்பவர் அந்தப் பக்கத்து ஆளை அழைத்துக் கேட்பார். போலீஸ் வருமுன் அவரவர் பையன்களை அவரவரே வீட்டுக்கு அனுப்புவார்கள். கேட்க எளிது. நடத்துவதில் நுணுக்கம் உண்டு.

பக்கத்துக்கு இரண்டு பேராவது வேண்டும், ஒருவர் தூங்கினால் மற்றவர். எண் குழுவுக்குச் சொந்தம், ஆளுக்கு அல்ல. ஆள் விலகினால் எண்ணும் போனால் வலை அறுந்தது. செய்தி வந்ததும் மூன்றே கேள்வி: நேரில் பார்த்தது யார், எப்போது, எங்கே? "சொன்னார்கள்" என்று வந்தால் பரப்பாமல் சரிபார்க்க வேண்டும், அரை மணிக்குள். இரு பக்கமும் பார்த்து உறுதி செய்த பிறகு ஒரே வாசகம், இரு மொழியிலும், ஒரே நேரத்தில் போக வேண்டும். மாதிரி:

"இரவு 9.40. பாலத்தருகே பத்துப் பன்னிரண்டு பையன்கள், பந்து விளையாடிவிட்டு நிற்கிறார்கள். கையில் எதுவும் இல்லை. இரு பக்கத்தாரும் நேரில் பார்த்தாயிற்று. அடுத்த தகவல் 10.10க்கு."

இதில் வதந்தியே இல்லை என்பதைக் கவனியுங்கள். "பாலத்தில் வெட்டு நடந்ததாகப் பரவும் செய்தி பொய்" என்று எழுதினால், கேள்விப்படாதவனுக்கும் வெட்டு என்ற சொல் போய்ச் சேர்ந்துவிடும். அடுத்த தகவலுக்கு நேரம் குறித்தால் அந்த நேரத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும், மாற்றம் இல்லாவிட்டாலும்.

கெடுவது எங்கே? போன் வைத்திருப்பவர் மேல் 'காட்டிக்கொடுப்பவன்' முத்திரை விழும்போது. அதனால் அவர் யார் என்பதை அவர் பக்கத்துப் பெரியவர்கள் பொதுவில் சொல்லி, அவர் செய்வது எங்கள் வேலை என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்த போனிலிருந்து போலீசுக்கு ஒரு அழைப்பு போனாலும் கதை முடிந்தது. போலீசுக்குச் சொல்ல வேண்டியதை வேறு ஆள், வேறு வழியில் சொல்லட்டும்.

தாழம்பூ:
இதோடு ஒரு நாள்காட்டியும் வேண்டும். வதந்தி எப்போதும் திடீரென்று வருவதில்லை. திருவிழா ஊர்வலம், நினைவு நாள், தேர்தல், கிரிக்கெட் ஆட்டம் என்று தேதி பார்த்துத்தான் பெரும்பாலும் வருகிறது. வட அயர்லாந்தில் ஊர்வலம் நடத்துபவர் 28 நாள் முன்பே அறிவிப்புக் கொடுக்க வேண்டும், பாதை, நேரம், வாத்தியக் குழு உட்பட. தகராறுள்ள பாதை என்றால் 1998 சட்டத்தின்கீழ் அமைந்த ஊர்வல ஆணையம் நிபந்தனை போடும். உள்ளூர்க் குழு இதைச் சட்டமில்லாமலே செய்யலாம். நான்கு வாரம் முன் பாதையை இரு பக்கமும் சேர்ந்து நடந்து பார்த்து, எந்த வளைவில் மேளம் நிற்கும், எத்தனை நிமிடத்தில் கடக்கும், யார் தொண்டர்கள் என்று எழுதிக்கொள்வது.

செங்கதிர்:
எல்லாம் படித்தேன். எனக்கு ஒரு பெரிய மறுப்பு இருக்கிறது. நீங்கள் எல்லோரும் அமைதியை நிர்வகிக்கிறீர்கள், மோதலை மாற்றவில்லை. அமைதி ஆய்வாளர் யோஹான் கால்டுங் 1969இலேயே இதைப் பிரித்துச் சொன்னார். அடிதடி இல்லாதது எதிர்மறை அமைதி, அநீதியான அமைப்பு போனால்தான் நேர்மறை அமைதி. ஒரு தரப்புக்கு நிலப் பத்திரம் இல்லை, அரசு அலுவலகத்தில் தன் மொழியில் படிவம் இல்லை, போலீசில் ஆளில்லை. இதை வைத்துக்கொண்டு வதந்தி அடக்குவது யாருக்கு வசதி?

பாஸ்னியாவைப் பாருங்கள். 1995 டேட்டன் உடன்படிக்கை கொலையை நிறுத்தியது. அதன் நான்காம் இணைப்புதான் இன்றுவரை அந்த நாட்டின் அரசியலமைப்பு. தலைமைப் பதவி மூன்று பேருக்கு: ஒரு போஸ்னியாக் (போஸ்னிய முஸ்லிம்), ஒரு குரோவாத், ஒரு செர்பியர். ரோமா இனத்தவரான செய்திச்சும் யூதரான பின்சியும் போட்டியிட முடியாது. 2009 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இது பாகுபாடு என்று தீர்ப்புச் சொல்லியும் அரசியலமைப்பு மாறவில்லை. மொஸ்தாரில் பழைய பாலத்தை 2004இல் அழகாகத் திரும்பக் கட்டித் திறந்தார்கள், உலகமே கைதட்டியது. அதே ஊரில் 2008க்குப் பிறகு 2020 வரை உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. ஒரே கட்டடத்தில் இரண்டு பள்ளிகள், இனத்துக்கு ஒரு பாடத்திட்டம். பாலம் கட்டுவது சுலபம், தொகுதி பிரிப்பது கஷ்டம்.

உருப்படியான மாற்றம் எப்படி இருக்கும் என்பதற்கு வட அயர்லாந்துப் போலீஸ். 1999இல் போலீஸ் சீர்திருத்தத்துக்கான பாட்டன் ஆணையம் பரிந்துரை செய்தது. 2001 முதல் 2011 வரை புதிய ஆட்சேர்ப்பு ஐம்பதுக்கு ஐம்பது: பாதி கத்தோலிக்கர், பாதி மற்றவர். கத்தோலிக்கர் பங்கு சுமார் 8 சதவீதத்திலிருந்து 30 சதவீதத்துக்கு அருகே வந்தது. பெயர், சின்னம், சீருடை எல்லாம் மாறின. பத்து ஆண்டு, சட்டம், பணம், அரசியல் சண்டை. தேநீர்க் கூட்டத்தில் வந்ததல்ல.

நடுவன்:
மறுப்பதற்கில்லை. ஆனால் அதே வட அயர்லாந்தில் 2023க்குள் எல்லாப் பிரிப்புச் சுவர்களையும் அகற்றுவோம் என்று 2013இல் அரசு அறிவித்தது. சுவர்கள் இன்னும் நிற்கின்றன. சுவரை ஒட்டி வாழ்பவர்களுக்கு இன்றிரவு பாதுகாப்பு இல்லையென்றால் மேலே எடுத்த முடிவு கீழே இறங்காது. இரண்டும் வேண்டும்.

உள்ளூர்க் குழு செங்கதிரின் வேலைக்கு உதவும் வழி ஒன்று உண்டு: பதிவேடு. வரும் ஒவ்வொரு குறையையும் மூன்றாகப் பிரியுங்கள். ஊரிலேயே தீர்வது (தண்ணீர்க் குழாய் முறை), அலுவலகத்தில் தீர்வது (படிவத்தின் மொழி), சட்டம் மாறினால்தான் தீர்வது (நில உரிமை). இரண்டாவதை எழுத்தில், தேதியோடு அனுப்பிப் பதில் தேதியும் குறியுங்கள். மூன்றாவதை எண்ணிக்கையோடு மேலே அனுப்புங்கள். "மக்கள் வேதனைப்படுகிறார்கள்" என்ற மனு குப்பைக்குப் போகும். "இந்த ஆறு மாதத்தில் இத்தனை விண்ணப்பம், இத்தனை திரும்பியது, காரணம் இது" என்பதைத் தள்ளுவது கடினம். கொலம்பியாவின் 2016 அமைதி உடன்படிக்கையை 578 தனித்தனிக் கடப்பாடுகளாக உடைத்து, ஒவ்வொன்றும் தொடங்கியதா, பாதியில் நிற்கிறதா, முடிந்ததா என்று ஆண்டுதோறும் ஒரு பல்கலைக்கழக நிறுவனம் கண்காணித்தது. ஊருக்கு 578 வேண்டாம், இருபது போதும்.

மதகு:
இரண்டு சந்தேகம். காணாமல் போனவர்களின் குடும்பங்கள் குழுவிடம் வந்தால்? ஆயுதம் வைத்திருந்தவர்கள் ஊர் திரும்பினால்?

ஆழி:
முதல் கேள்விக்கு: சாட்சியம் வாங்காதீர்கள். இது கடுமையாகத் தெரியும். ஆனால் பயிற்சியில்லாத ஒருவர் எழுதி வைத்த வாக்குமூலம் பிற்பாடு நீதிமன்றத்தில் முரண்பாடு காட்டப் பயன்படும், நோட்டுப் புத்தகம் கைமாறினால் சாட்சிக்கே ஆபத்து. பெயர், கடைசியாகப் பார்த்த இடமும் நாளும், குடும்பத்தை எப்படித் தொடர்புகொள்வது என்பவற்றை மட்டும் ஒரு தாளில் எழுதி, ஒப்புதல் வாங்கி, உரிய அமைப்புக்கு அனுப்புங்கள். குடும்பத்துக்கு ஒரு பிரதி. குழுவிடம் பிரதி வேண்டாம்.

சைப்பிரஸ் காணாமல் போனோர் குழு 1981இல் அமைந்தது. பட்டியலில் 2002 பேர்: 1510 கிரேக்கச் சைப்பிரஸ்காரர்கள், 492 துருக்கியச் சைப்பிரஸ்காரர்கள். யார் கொன்றது, எப்படி இறந்தார் என்று அந்தக் குழு சொல்லாது, அதன் ஆணையே அப்படி. அந்த உறுதி இருப்பதால்தான் புதைத்த இடத்தை அறிந்தவர்கள் வாய் திறந்தார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் அடையாளம் காணப்பட்டன. எலும்பு கிடைத்த குடும்பம் "யார் செய்தது?" என்று கேட்டால் பதில் இல்லை. இந்த விலையைக் குடும்பத்திடம் முதல் நாளே சொல்ல வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் பேரம் வேறு. உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்திடம் முழு உண்மை சொன்னால் மன்னிப்பு. 7112 விண்ணப்பத்தில் 849க்குத்தான் மன்னிப்பு கிடைத்தது. குற்றவாளிக்கு மன்னிப்பு சட்டப்படி உடனே வந்தது, பாதிக்கப்பட்டவர்களுக்கு நட்ட ஈடு இழுத்து இழுத்து 2003இல் ஒரே தவணையாக ஆளுக்கு 30,000 ராண்ட் என்று முடிந்தது. ஆணையம் பரிந்துரைத்ததோ ஆறு ஆண்டுக்கு, ஆண்டுதோறும். வரிசை தவறினால் வரும் கசப்பு இது.

வாய்க்கால்:
இரண்டாவது கேள்விக்கு. ஆயுதத்தைக் குழு தொடவே கூடாது. ஆனால் அது எங்கே, யார் சாவியில் இருக்கிறது என்பது ஊருக்குத் தெரிய வேண்டும். பப்புவா நியூ கினியின் போகன்வில்லில் 2001 அமைதி உடன்படிக்கைப்படி ஆயுதக் கொள்கலனுக்கு இரட்டைப் பூட்டு: ஒரு சாவி போராளித் தளபதியிடம், ஒன்று ஐ.நா.விடம். நேபாளத்தில் சாவி மாவோயிஸ்டுகளிடமே இருந்தது, ஐ.நா. பதிவேடும் அபாயச் சங்கும் வைத்துக் கண்காணித்தது. இரண்டும் வேலை செய்தன. திறந்தால் உடனே தெரிந்துவிடும் என்பது இரண்டுக்கும் பொது.

பணத்தை முன்னால் நீட்டினால் என்ன ஆகும் என்பதற்கு லைபீரியா. 2003 டிசம்பரில் ஆயுதக் களைவு தொடங்கியபோது ஏற்பாடு முடியுமுன் கூட்டம் குவிந்து கலவரமாகி, திட்டத்தை நிறுத்திப் பல மாதம் கழித்துத் தொடங்க வேண்டியதாயிற்று. முடிவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் போராளியாகப் பதிவானார்கள், வந்த துப்பாக்கி சுமார் 28,000. துப்பாக்கி இல்லாமல் குறிப்பிட்ட அளவு தோட்டா கொடுத்தாலும் பதியலாம் என்று விதி இருந்தது, தோட்டா கைமாறியது. ஊர் மட்டத்தில் பாடம்: திரும்பி வருபவனுக்கு மட்டும் தையல் மிஷினும் உதவித்தொகையும் கொடுத்து, அவனால் வீடிழந்த பக்கத்து வீட்டுக்காரிக்கு எதுவும் கொடுக்காமல் விடாதீர்கள். தெருவுக்கே கொடுங்கள், அதில் அவனும் ஒருவன்.

புதுவெள்ளம்:
கூட்டக் குறிப்பு யார் எழுதுவது? அதிலேயே சண்டை வருமே.

தாழம்பூ:
வரும். பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேர் எழுதட்டும். யார் என்ன சொன்னார் என்பது வேண்டவே வேண்டாம். முடிவு, பொறுப்பாளர், கெடு தேதி, ஒத்துப்போகாதது எது, அவ்வளவுதான். இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. கலைவதற்கு முன் கடைசி 15 நிமிடம் இரு மொழியிலும் உரக்கப் படித்து, அங்கேயே இணைத்தலைவர்கள் கையெழுத்து. "வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றால் அது மறுநாள் வேறு குறிப்பாகத்தான் திரும்பும். இடத்துக்கோ சம்பவத்துக்கோ இரு பக்கமும் இரண்டு பெயர் வைத்திருந்தால் இரண்டையும் எழுதுங்கள், கூட்டத்துக்குக் கூட்டம் முன்பின் மாற்றி.

மொழிபெயர்ப்பாளருக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். இரு மொழி தெரிந்த உறுப்பினரையே மொழிபெயர்க்கச் சொன்னால் அவர் தன் கருத்தைச் சொல்ல வாய்ப்பே இருக்காது, பெரும்பாலும் அவர் சிறுபான்மைத் தரப்பாகவும் இருப்பார்.

கரிசல்:
பணம் என்றதும் ஒன்று. கொடையாளர் திட்டம் இரண்டு மூன்று ஆண்டில் முடியும், குழுவின் வேலை முடியாது. போன் கட்டணம், மொழிபெயர்ப்பு, பயணப்படி ஆகிய மூன்றும் இல்லாவிட்டால் குழு நின்றுவிடும். பயிலரங்கும் பேனரும் இல்லாவிட்டால் நிற்காது. முதல் மூன்றை நகராட்சி, வணிகர் சங்கம் போன்ற உள்ளூர்க் கையிலிருந்து பெறப் பாருங்கள், தொகை சிறிதானாலும். அமர்வுப்படி மட்டும் வேண்டாம். அது தொடங்கினால் படிக்காகவே உறுப்பினராக வருவார்கள், நின்ற மாதமே இருக்கை காலியாகும்.

மதகு:
நன்றி. ஊர்வல நாள்காட்டியையும் போன் வலையையும் முதலில் எடுத்துக்கொள்கிறோம். பதிவேட்டின் மாதிரிப் படிவம் யாரிடமாவது இருந்தால் இங்கே ஒட்டுங்கள்.

நடுவன்:
ஐந்து நெடுவரிசைதான்: தேதி, குறை ஒரே வரியில், மூன்று வகையில் எது, யாருக்கு அனுப்பியது, பதில் வந்த தேதி. குறை சொன்னவர் பெயர் இந்தப் பதிவேட்டில் வராது. அதைத் தனித் தாளில் எண் போட்டு, ஒரு இணைத்தலைவரிடம் பெயர்த் தாள், மற்றவரிடம் பதிவேடு.